சுகர் உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் குடிக்க என்ன கொடுத்து விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. இப்போது ஆறாவது படிக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் அம்மாக்களும் பாட்டிகளும் பேச்சை ஆரம்பிப்பது ஒரே இடத்தில்தான்: "ஸ்கூலுக்குக் குடிக்க என்ன கொடுத்து விடுறீங்க?" இன்சுலின் ஊசி அளவை டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். பாட்டிலில் என்ன ஊற்றுவது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. கிராம் கணக்குகள் தோராயமானவை. ஊசி அளவில் கை வைக்கும் எந்த முடிவையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இப்பத்தான் சுகர்னு சொன்னாங்க. இனிமே பச்சைத் தண்ணி தவிர வேற எதுவும் குடிக்கக் கூடாதா?

குடிக்கலாம். முதலில் ஒன்று: சீனி அதிகம் தின்றதால் வந்த நோய் இல்லை இது. டைப் 1-ல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. நீங்கள் ஊட்டிய லட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மாமியார் என்ன சொன்னாலும் சரி.

பானத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம் என்றால், அது மெல்லாமல் நேரே இறங்குகிறது. இட்லி செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏற நேரம் எடுக்கும். சர்பத் சில நிமிடங்களில் ஏற ஆரம்பித்துவிடும். ஊசி மருந்து வேலையைத் தொடங்குவதற்குள் சர்பத் முந்திக்கொள்ளும்.

அதனால் எங்கள் வீட்டில் பையில் குடிக்கிற சாமான் இரண்டு போகும். ஒன்று தாகத்துக்கு. அதில் இனிப்பே இருக்காது, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். இன்னொன்று சுகர் இறங்கிப்போனால் தூக்கி நிறுத்த. அதில் இனிப்புத்தான் மருந்து. அளந்து, அதற்கென்று வைத்த டப்பாவில் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது. கீழே உள்ள பதில்களில் பல இதைச் சுற்றியே வரும்.

தண்ணி எவ்வளவு கொடுத்து விடணும்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு லிட்டர் பாட்டில், பெரிய வகுப்பு என்றால் அதற்கு மேலும். மதுரை வெயிலுக்கு ஜூன், ஜூலையிலும் இது தேவைப்படும். ஸ்கூலில் நிரப்பிக்கொள்ள நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பாட்டில் காலியாகும் வேகத்தைக் கவனிப்பது ஒரு பழக்கமாக வேண்டும். வழக்கமாக மாலைவரை வரும் பாட்டில் பதினோரு மணிக்கே காலியாகி, பிள்ளை நாலு தடவை பாத்ரூம் போயிருந்தால், சுகர் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள், சோதித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைப்பது தவறு. அதிகச் சர்க்கரையை உடம்பு சிறுநீர் வழியாக வெளியே தள்ளப் பார்க்கிறது, அதற்குத் தண்ணீர் வேண்டும். "கிளாஸ் நடுவுல பாத்ரூம் கேட்டா அனுப்பணும்" என்று டீச்சரிடம் ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள். சுகர் 250-க்கு மேல் நின்று, வாந்தியோ வயிற்றுவலியோ சேர்ந்துவிட்டால் அது ஸ்கூலில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை. கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) சோதிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெறும் தண்ணி குடிக்கவே மாட்டேங்கிறா. ருசிக்கு என்ன போடலாம்?

வெட்டிவேர். ஒரு சின்னக் கட்டை நன்றாகக் கழுவி ராத்திரி மண்பானையில் போட்டால் காலையில் வாசனையோடு குளிர்ந்திருக்கும். சீரகம் கொதிக்கவைத்த தண்ணீர், நாலு புதினா இலை, இரண்டு துண்டு வெள்ளரிக்காய் எல்லாமே சரிதான். அரை எலுமிச்சை பிழிந்து உப்பு, கொஞ்சம் இஞ்சிச் சாறு சேர்த்த தண்ணீரில் ஒன்றிரண்டு கிராம் மாவுச்சத்துக்கு (ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுவது இதுதான்) மேல் இருக்காது. என் மகள் இதற்கு "உப்பு சோடா" என்று பேர் வைத்திருக்கிறாள், சோடாவே இல்லாமல்.

நன்னாரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நன்னாரி வேரைத் தண்ணீரில் ஊறப்போடுவது வேறு, கடையில் விற்கும் நன்னாரி சர்பத் வேறு. சர்பத் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சீனிப்பாகு, வேர் வாசனைக்குத்தான். ஒரு பாட்டி ஒரு வாரமாக அதைத்தான் "மூலிகை" என்று ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேரனுக்கு ஏன் 350 காட்டுகிறது என்று என்னிடம் அழுதார்.

மோர் கொடுக்கலாமா? ஆனா மதியத்துக்குள்ள புளிச்சுப் போயிடுதே?

மோர்தான் நம் ஊருக்கு வாய்த்த நல்ல பானம் என்பேன். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று நன்றாகக் கடைந்த நீர்மோர் ஒரு டம்ளரில் (200 மில்லி) 2 முதல் 3 கிராம் மாவுச்சத்துத்தான் இருக்கும். தயிரைக் கெட்டியாக விட்டு லஸ்ஸி மாதிரிச் செய்தால் கணக்கு மாறும். அதில் சீனியும் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

புளிக்காமல் இருக்க எங்கள் வழி இது. உறைமோர் குறைவாக விட்டு, புளிப்பு ஏறுவதற்கு முன்பே தயிரை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கடைந்து, கறிவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சி அரைத்து விழுது சேர்த்து, ஒரு சிட்டிகை பெருங்காயம். எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் முதலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, பிறகு மோரை விளிம்புவரை நிரப்ப வேண்டும். இப்படிச் செய்தால் பன்னிரண்டரை மணி வரை தாங்குகிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் தாங்காது. அப்புறம், அந்த ஃபிளாஸ்க் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். பாதி நாட்கள் மோர் நாறுவதற்குக் காரணம் அந்த வளையம்தான்.

உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

பால் குடுக்கலாமா? ஆவின்ல எந்தக் கலர் பாக்கெட் வாங்குறது?

கலர் பாக்கெட்டில் மாறுவது கொழுப்பு. நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்: 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் ஒரு டம்ளர் பால் 9 முதல் 10 கிராம். நீலமா பச்சையா என்பதைப் பிள்ளையின் எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுகருக்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது.

ஸ்கூலில் இன்டர்வெல்லுக்குப் பால் கொடுத்து விடலாமா என்பது எந்த முறையில் ஊசி போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலை, இரவு என்று இரண்டு வேளை கலவை இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு, காலை ஊசியின் வேகம் பதினோரு மணி வாக்கில் இருக்கும். இடையில் ஏதாவது சாப்பிட வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் சுண்டலும் நன்றாகப் பொருந்தும். வேளைக்கு வேளை ஊசி போடும் பிள்ளைகளுக்கு இடைவேளைத் தீனி கட்டாயமில்லை. அவர்கள் ஊசி இல்லாமல் பால் குடித்தால் அந்த 10 கிராம் அப்படியே சுகரில் ஏறும். உங்கள் பிள்ளை எந்த முறை என்று தெரியாவிட்டால் அடுத்த தடவை டாக்டரிடம் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.

பால்ல ஹெல்த் டிரிங்க் பவுடர் கலந்தாத்தான் குடிப்பான். அதுவும் கூடாதா?

"ஹெல்த் டிரிங்க்" என்று நம் உணவுச் சட்டத்தில் ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த மாதிரிப் பானங்களை அந்தத் தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மால்ட் என்பதும் கடைசியில் மாவுச்சத்துத்தான்.

லேபிளில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது "மொத்த மாவுச்சத்து", அதாவது டோட்டல் கார்போஹைட்ரேட். அது பெரும்பாலும் 100 கிராமுக்குப் போட்டிருக்கும். உங்கள் வீட்டு ஸ்பூனால் எடுத்து ஒரு தடவை தராசில் நிறுத்து, கணக்குப் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஏலக்காய், மஞ்சள், பொடித்த பாதாம் இரண்டு. என் மகள் மூன்று வாரம் முகம் சுளித்தாள், நான்காவது வாரம் மறந்துவிட்டாள்.

சீனி போடல, நாட்டுச்சர்க்கரைதான் போடுறேன். கருப்பட்டி நல்லதுதானே?

நாக்கிற்கு நல்லது. சுகர் மெஷினுக்கு எல்லாம் ஒன்றுதான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றிலும் முக்கால்வாசிக்கு மேல் சர்க்கரைதான். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் இருக்கலாம். அதற்காக ஒரு கட்டியைப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இதே கணக்கில்தான் பதநீரும் பருத்திப்பாலும் வரும். பதநீர் 100 மில்லியில் 10 கிராம் வாக்கில் சர்க்கரை உண்டு. பருத்திப்பாலில் அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்தே இருக்கின்றன. மாலையில் தள்ளுவண்டி மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளை கேட்டால், அதை ஒரு பலகாரமாக எண்ணி, ஊசிக் கணக்கில் சேர்த்து வீட்டில் கொடுங்கள். ஸ்கூல் பாட்டிலில் வேண்டாம்.

இளநீர் இயற்கைதானே? தினமும் கொடுத்தா என்ன?

200 மில்லிக்கு 7, 8 கிராம். பாலை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு காயில் 200 மில்லியா 400 மில்லியா என்று வெட்டுகிறவருக்கே தெரியாது. வீட்டில் டம்ளரில் அளந்து கொடுங்கள், பாலைப் போலவே கணக்கில் வையுங்கள். பாட்டிலில் ஊற்றி அனுப்பினால் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

வீட்டுலயே சாத்துக்குடி பிழிஞ்சு, சீனி போடாம, வடிகட்டித்தான் கொடுக்கிறேன்…

அந்த வடிகட்டியில்தான் நார்ச்சத்து நின்றுவிடுகிறது. ஒரு டம்ளர் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் பிழிகிறீர்கள். 20 கிராமுக்குப் பக்கமாகச் சர்க்கரை. ஒரு பிள்ளை உட்கார்ந்து நான்கு சாத்துக்குடியை உரித்துத் தின்னாது. ஒரு பழத்தைச் சுளையாக டப்பாவில் வைத்து அனுப்புங்கள், பாட்டிலில் தண்ணீர் இருக்கட்டும்.

கடையில் அடைத்து விற்கும் சாறுகளில் "100 சதவீதம் பழச்சாறு" என்று போட்டிருந்ததை எடுக்கச் சொல்லி 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு போட்டது. செறிவாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து விற்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். அந்த டப்பா ஜூஸுக்கு நம் பையில் ஒரு வேலை உண்டு. கொஞ்சம் கீழே வருகிறது.

கம்பங்கூழ், கேப்பைக் கூழ் எல்லாம் சுகருக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

பெரியவர்களின் டைப் 2 சுகருக்குச் சொன்ன அறிவுரை அப்படியே பிள்ளைக்கு இறங்கி வருகிறது. 30 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. அதைக் கரைத்துக் கூழாக்கினால் தானியத்தை விட வேகமாகச் செரிக்கும். கூழ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துக் குடிக்கிற கூழுக்கு நானும் அடிமை. ஆனால் கூழ் என்பது சாப்பாடு. அதைத் தாகத்துக்குக் குடிக்கும் பானமாக எண்ணி, சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவிடக் கூடாது.

இதற்குப் பதிலாக ஃபிளாஸ்க்கில் சூடான ரசம் கொடுத்து விட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் மிளகு ரசம்தான் ஸ்கூல் பானம். முருங்கைக்கீரை சூப்பும் அப்படியே, சோள மாவு சேர்க்காமல்.

லோ சுகர் வந்தா என்ன குடிக்க வைக்கணும்? எவ்வளவு?

முதல் பதிலில் சொன்ன இரண்டாவது சாமான் இதற்குத்தான். சுகர் 70-க்குக் கீழே போனாலோ, பிள்ளை நடுங்கி, வியர்த்து, முகம் வெளுத்து, காரணமில்லாமல் அழுதாலோ, வேகமாக ஏறும் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். பொதுவாகச் சொல்லும் அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.3 கிராம். 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9, 50 கிலோ எட்டிய பிள்ளைக்கு 15. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. கொடுத்து 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை.

சோதிக்க மெஷின் கையில் இல்லை என்றால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள்.

குளுக்கோஸ் பவுடரைச் சின்னப் பொட்டலங்களாக, ஒரு தடவைக்கு வேண்டிய அளவு நிறுத்துக் கட்டி, மேலே "லோ" என்று எழுதி வைக்கிறேன். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தால் முடிந்தது. குளுக்கோஸ் இல்லாத இடத்தில் சீனி போதும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம், குவித்தால் 6 வரை போகும். சின்ன டப்பா ஜூஸ் வைப்பதும் வசதி, ஏனென்றால் அளவு அச்சடித்தே இருக்கிறது. அட்டையில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று பார்த்து, உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு குடித்தால் போதும் என்பதை மார்க்கர் பேனாவால் டப்பா மேலேயே எழுதிவிடுங்கள். டீச்சர் அந்த நேரத்தில் கணக்குப் போட மாட்டார்.

அதுக்குச் சாக்லேட் போதாதா? இல்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட்?

சாக்லேட்டில் கொழுப்பு இருக்கிறது, அது சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். ஐஸ்கிரீமும் பாலும் அதே கதைதான். சுகர் இறங்கிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் என்பது நீண்ட நேரம்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் குழப்பம் அதிகம். உலக சுகாதார அமைப்பின் முறைப்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு டம்ளரில் 3 கிராம்கூட வராது. அது வயிற்றுப்போக்குக்கான மருந்து. லோ சுகரைத் தூக்கப் போதாது. அதே மாதிரி அட்டைப்பெட்டியில் வந்த சில இனிப்புப் பானங்களும் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று சேர்த்து விற்றன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு. 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை வந்தது. ஆகவே "ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன்" என்று ஸ்கூலில் யாராவது சொன்னால், எந்தப் பாக்கெட் என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: பிள்ளை மயங்கி, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி கையில் இருந்து, போடத் தெரிந்தவர் இருந்தால் போடலாம்.

டயட் கோலா, சுகர் ஃப்ரீ டிரிங்க் எல்லாம் கொடுக்கலாமா? அதுல சர்க்கரையே இல்லையே?

சுகரை ஏற்றாது, உண்மைதான். கல்யாண வீட்டில் மற்ற பிள்ளைகள் கலர் குடிக்கும்போது ஒரு கிளாஸ் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தினமும் ஸ்கூலுக்குக் கொடுக்க மாட்டேன். பல்லுக்கு அந்தப் புளிப்பு நல்லதில்லை, நாக்கும் தித்திப்பையே கேட்டுக்கொண்டிருக்கும்.

இதில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. லோ வந்த பிள்ளைக்கு யாரோ நல்ல மனதோடு கேன்டீனிலிருந்து டயட் கோலா வாங்கிக் கொடுத்தால், ஒரு கிராம்கூட ஏறாது. எல்லோரும் "குடிச்சாச்சு, சரியாயிடும்" என்று காத்திருப்பார்கள். அதனால் ஸ்கூல் பையில் சுகர் ஃப்ரீ எதையும் வைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு விதி.

டீச்சர் ஜூஸ் டப்பாவைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. ஜங்க் ஃபுட் அனுமதி இல்லையாம். என்ன பண்றது?

இது எங்களுக்கே நடந்தது. மூன்றாம் வகுப்பில், புதிதாக வந்த டீச்சர், பையைச் சோதித்து ஜூஸை எடுத்து மேசை டிராயரில் பூட்டிவிட்டார். "சுகர் பேஷண்டுக்கு ஜூஸ் கொடுத்து விடுறாங்களே, என்ன அம்மா இவங்க" என்று நினைத்திருக்கிறார். அன்று மூன்றாவது பீரியடில் என் மகளுக்கு 58. பக்கத்து பெஞ்சுப் பையன் தன் டிபனில் இருந்த வெல்ல அதிரசத்தைக் கொடுத்ததால் தப்பித்தாள். கோபம் தணிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. டீச்சர் மேல் தப்பில்லை, நான்தான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பக்கக் கடிதம் போகிறது, டாக்டர் சீட்டின் நகலோடு. தமிழில், பெரிய எழுத்தில். பையில் உள்ள இனிப்பு மருந்து, எடுக்கக் கூடாது. எப்போது கொடுக்க வேண்டும், எவ்வளவு. யாருக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு செட் வகுப்பிலும் ஒரு செட் ஆபீஸ் ரூமிலும் இருக்கும். அப்புறம், தேர்வு அறையிலும் இது பொருந்தும். சி.பி.எஸ்.இ. 2017-லேயே சுகர் உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வுக்கு இனிப்பு மாத்திரை, பழம், சிறு தண்ணீர் பாட்டில் கொண்டுபோக அனுமதி கொடுத்தது. உங்கள் பள்ளி வேறு பாடத்திட்டமாக இருந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அந்த முன்மாதிரியைக் காட்டுங்கள்.

பி.டி. பீரியட் அன்னிக்கு வேற மாதிரி கொடுக்கணுமா?

ஆமாம். ஓடியாடினால் சுகர் இறங்கும். சில பிள்ளைகளுக்கு அன்று ராத்திரி தூக்கத்தில்கூட இறங்கும். விளையாடுவதற்கு முன் சோதித்து, எவ்வளவு இருந்தால் என்ன குடிக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு, அந்த நாட்களில் மட்டும் மோருக்குப் பதில் பால். தண்ணீர் இன்னும் அரை லிட்டர் அதிகம். ஸ்போர்ட்ஸ் டே ரிகர்சல் வாரம்தான் வருடத்திலேயே எனக்குத் தூக்கம் கெடுகிற வாரம்.

என் பொண்ணு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிக்கிறா. காலைல அங்கேயே சாப்பாடு போடுறாங்க. வீட்டுல பாலும் குடுத்து அனுப்பலாமா?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே நம் ஊரில்தான், 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது, நல்ல விஷயம். நம் பிள்ளைகளுக்கு இதில் கவனிக்க வேண்டியது நேரம். வீட்டில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு ஸ்கூலில் என்றால், இடையில் தாமதமானால் லோ வரும். வீட்டில் பால் கொடுத்து, ஸ்கூலிலும் சாப்பிட்டால் இரண்டும் கணக்கில் வர வேண்டும். எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஊசி நேரத்தை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இன்சுலின் வாங்கக் கஷ்டம் என்றால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெந்தயத் தண்ணி, பாகற்காய் ஜூஸ், ஆவாரம்பூ டீ… இதெல்லாம் குடிச்சா ஊசியைக் குறைக்கலாமாமே?

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று என் அப்பத்தாவும் சொன்னது. ஆவாரம்பூத் தண்ணீரில் சீனி இல்லை, பிள்ளைக்குப் பிடித்தால் குடிக்கட்டும். ஆனால் டைப் 1 பிள்ளைக்கு இன்சுலின் என்பது மூச்சு மாதிரி. 1922-ல் முதல்முறையாக ஒரு 14 வயதுப் பையனுக்கு ஊசி போடும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் அதிக நாள் பிழைக்கவில்லை. கஷாயத்தை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களில், சிலருக்குச் சில மணி நேரங்களிலேயே, ரத்தத்தில் அமிலம் ஏறி ஐ.சி.யு. வரை போகும். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பேச்சுக்குக்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

இன்டர்வெல்ல தண்ணிதான் குடிச்சேங்கிறான், ஆனா மெஷின்ல 320 காட்டுது. பொய் சொல்றானா?

சொல்லியிருக்கலாம், பிள்ளைதானே. ஆனால் திட்டுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். விரலில் பழச்சாறோ குளுக்கோஸ் பவுடரோ ஒட்டியிருந்தால் மெஷின் அதையும் சேர்த்துப் படிக்கும். எங்களுக்கு ஒருமுறை 310 வந்தது, கழுவியபின் 140. ஆரஞ்சு உரித்த கை. நான் அதற்குள் ஊசியை எடுத்துவிட்டேன். போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்சுலின் பேனாவையும் ஐஸ் தண்ணி பாட்டிலையும் ஒரே பையில வச்சா குளிர்ச்சியா இருக்குமே?

ஒட்டினாற்போல வைக்காதீர்கள். இன்சுலின் உறைந்துபோனால் கெட்டுவிடும், உருகினாலும் திரும்பத் தேறாது. திறக்காத மருந்து ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. திறந்து பயன்படுத்துவது 30 டிகிரிக்குள் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். நம் ஊரில் ஏப்ரல் மாதத்து வகுப்பறை 30 டிகிரிக்குள் எங்கே நிற்கிறது? ஈரத்துணி சுற்றிய சின்ன மண்சட்டியோ, அதற்கென்றே விற்கும் குளிர்பையோ வையுங்கள். ஐஸ் பாட்டிலுக்கும் பேனாவுக்கும் நடுவில் ஒரு துண்டாவது இருக்கட்டும். ஸ்கூல் வேன் கண்ணாடி ஓரத்தில் பையை வைக்கவே கூடாது.

சித்திரைத் திருவிழாவுல பானகம் குடுப்பாங்க, பிறந்தநாளுக்கு எல்லாரும் ஜிகர்தண்டா குடிக்கப் போவாங்க. பிள்ளைய எப்படித் தடுக்கிறது?

நான் தடுப்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். மோர்ப் பந்தலில் எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் குடிக்கலாம், பானகத்தில் ஒரு வாய் பிரசாதம் போல. கூட்டத்தில் நடந்து நடந்து சுகர் இறங்கிவிட்டால் அந்தப் பானகமே அன்றைய லோ மருந்தாகிவிடும். போன வருடம் தல்லாகுளத்தில் அப்படித்தான் ஆயிற்று.

ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், பாதாம் பிசின். பிசினைத் தவிர மற்ற எல்லாம் சர்க்கரைக் கணக்குத்தான், லேபிளும் கிடையாது. சர்பத்தைக் குறைக்கச் சொல்லி, ஐஸ்கிரீம் வேண்டாம் என்று கேட்டு, சின்ன கிளாஸ் வாங்குவோம். அவளுக்குப் பாதி, அதற்கான ஊசியை முன்பே போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிப்போம். மீதிப் பாதியை நான் குடித்துவிடுவேன். எனக்கு இன்னும் சுகர் வரவில்லை.